ஓசை ஒரு வழி, பொருள் ஒரு வழி

தேம்பாவணியை எழுத உட்கார்ந்த வீரமாமுனிவருக்கு முதல் சிக்கல் பாட்டுடைத் தலைவனின் பெயரிலேயே வந்திருக்க வேண்டும். காப்பியம் இயேசுவின் வளர்ப்புத் தந்தையைப் பற்றியது. எபிரேயத்தில் அவர் யோசேப். போர்த்துகீசிய வாய்வழியாக இங்கே வந்து சேர்ந்து, தமிழ்க் கத்தோலிக்கருக்கு அவர் சூசை ஆகியிருந்தார். கோயிலில் விழுந்து கும்பிட சூசையப்பர் போதும். 3,615 பாடல்களில் ஊர், மலை, ஆறு என்று வருணித்துப் புகழ்வதற்கு அந்தப் பெயர் இடம் கொடுக்காது. கண்ணகி, மணிமேகலை, சிந்தாமணி என்று கேட்டுப் பழகிய காதுக்கு சூசையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

முனிவர் எபிரேய மூலத்துக்கே திரும்பிப் போனார். நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்த ராகேல், கடவுள் எனக்கு இன்னும் ஒரு மகனைக் கூட்டித் தரட்டும் என்று சொல்லி, பெற்ற பிள்ளைக்கு யோசேப் எனப் பெயரிட்டாள் என்கிறது ஆதியாகமம். கூடுதல், பெருகுதல் என்பதே அந்தச் சொல்லின் வேர். தேம்பாவணியின் தலைவன் வளன் ஆனது அப்படித்தான். அதே காப்பியத்தில் திருமுழுக்கு யோவான் கருணையன் என்று வருகிறார். யோவான் என்பதற்குக் கடவுள் அருள்கூர்ந்தார் என்று பொருள். காப்பியம் முடிந்த ஆண்டு 1726. எழுதியவர் இத்தாலியில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. அவருடைய சொந்தப் பெயருக்கும் இதே வைத்தியம் நடந்திருந்தது. கான்ஸ்டன்டைன் என்பதில் உள்ள லத்தீன் சொல் மன உறுதியைக் குறிப்பது. அதனால் தமிழ் ஊர்களில் அவர் முதலில் தைரியநாதர். ஜோசப் என்பதும் அவர் பெயரிலேயே இருந்தது என்பதால், தன் பெயர்க் காவலரைத்தான் அவர் பாடினார் என்றும் சொல்லலாம்.

ஒரு பெயர் மொழி எல்லையைக் கடக்கும்போது ஓசை, பொருள் என்று இரண்டு மூட்டைகளோடு வந்து நிற்கிறது. சுங்கச்சாவடியில் பெரும்பாலும் ஒன்றைத்தான் உள்ளே விடுகிறார்கள். சூசை என்றால் ஓசை வந்தது, பொருள் வெளியே நின்றுவிட்டது. வளன் என்றால் நேர்மாறு. எதை விடுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள், ஏன் அப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் இந்த உரையின் விஷயம். தாய் தீர்மானித்ததுண்டு. பாதிரியார், புலவர், நகராட்சி எழுத்தர், நீதிபதி எல்லோரும் தீர்மானித்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் தென்கோடியிலேயே இரண்டு வழிகளையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். முத்துக்குளித்துறையில் பரதவர் 1530களில் போர்த்துகீசியரிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். கூடவே பெர்னாண்டோ, ரொட்ரிகோ, கோமஸ் போன்ற பெயர்களும் கரையேறின. இவற்றைப் போர்த்துகீசியப் பெயர்கள் என்கிறோம். வேர் அதற்கும் வடக்கே இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் ஐபீரியாவுக்குள் புகுந்த விசிகோத்துகள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தாரின் பெயர்கள் இவை. ரொட்ரிகோவில் புகழும் ஆட்சியும் இருக்கின்றன. பெர்னாண்டோவின் பிற்பாதி துணிவு. தூத்துக்குடி நகரசபைத் தலைவராக இருந்து ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தவரை அந்த ஊர் இன்றும் குரூஸ் பர்னாந்து என்றுதான் சொல்கிறது. குரூஸ் என்றால் சிலுவை. பர்னாந்து என்பது கோத்துகளின் வீரப்பெயர் கடற்கரைத் தமிழில் தேய்ந்த வடிவம்.

உள்நாட்டுக்குப் போனால் காட்சி மாறுகிறது. அங்கே யோவான், அருளப்பர். லத்தீனில் சிறியவன் என்று பொருள்படும் பவுல், சின்னப்பர். கிரேக்கத்தில் ஸ்தேபனோஸ் என்றால் சூட்டப்படும் முடி. எனவே எஸ்தேவான், முடியப்பர். ஆண்மையும் வலிமையும் குறிக்கும் அந்திரேயா, பெலவேந்திரர். பாறை என்று பொருள்படும் பேதுரு, இராயப்பர். தெலுங்கில் கல்லை ராயி என்பார்கள், அதிலிருந்து வந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு வைத்த பெயர் லாசர். கடவுள் துணைசெய்தார் என்பது அதன் பொருள். திருவிதாங்கூர் அரசால் 1752இல் கொல்லப்பட்டு, 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது உலகச் செய்தித்தாள்கள் அச்சிட்டது லாசரை அல்ல, அதன் தமிழாக்கமான தேவசகாயத்தை.

கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் ஏன் இந்த வித்தியாசம்? காரணம் பக்தியில் இல்லை, மானத்தில் இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி ஒன்றைக் கண்டுகொண்டார். கிறிஸ்தவர் ஆவது என்றால் பரங்கிக் குலத்தில் சேர்வது என்று ஊர் நினைத்தது. மாட்டிறைச்சி, மது, தொப்பி, காலணி எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். தான் பரங்கி இல்லை என்று அவர் எழுதி வைத்தே சொல்ல வேண்டியிருந்தது. தத்துவ போதகர் என்ற பெயரோடு காவி உடுத்து வாழ்ந்த அவருடைய வழியில் வந்தவர்களுக்குப் பரங்கிப் பெயர்களைச் சுமத்துவது தற்கொலை. பொருளைத் தமிழாக்குவதே வழி.

அதையும் அவர்கள் சாமர்த்தியமாகவே செய்தார்கள். சின்னப்பன், ராயப்பன், முடியப்பன் என்ற உருவங்கள் தமிழ்க் காதுக்கு அந்நியமே இல்லை. பி.யு. சின்னப்பா பாடி நடித்ததற்கும் சாண்டோ சின்னப்பா தேவர் படம் எடுத்ததற்கும் புனித பவுலோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. மொழிபெயர்த்த பெயர், ஏற்கெனவே ஊரில் இருந்த பெயர்களின் வரிசையில் சத்தமில்லாமல் போய் நின்றுகொண்டது. வளனுக்கு அந்த அதிர்ஷ்டம் நெடுங்காலம் வாய்க்கவில்லை. புலவர் வீட்டுப் பெயராகவே இருந்து, பிந்தித்தான் பிறப்புச் சான்றிதழ்களுக்கு வந்தது.

பரங்கி என்ற சொல்லைக் கொஞ்சம் தோண்டினால் ஒரு வேடிக்கை. ஐரோப்பாவின் பிராங்க் இனத்தார் பெயர் அரபியிலும் பாரசீகத்திலும் ஃபிரங்கி ஆகி, நம்மிடம் பரங்கி ஆனது. பரங்கிமலையும் பரங்கிக்காயும் அந்த வகை. அதே பிராங்கிலிருந்துதான் பிரான்ஸ் நாட்டின் பெயரும், பிரான்சிஸ் என்ற ஆள்பெயரும் வந்தன. அசிசியின் பிரான்சிசுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஜொவான்னி, அதாவது யோவான். துணி வியாபாரியான தகப்பனார் பிரான்ஸ் போய்த் திரும்பி, அந்த நாட்டு மோகத்தில் பிள்ளையை பிரான்செஸ்கோ, பிரெஞ்சுக்காரப் பையன், என்று கூப்பிட ஆரம்பித்தார் என்பது மரபுச் செய்தி. பையன் புனிதராகிவிட்டதால் செல்லப்பெயர் உலகப் பெயராகிவிட்டது. நொபிலி எந்தச் சொல்லுக்கு அஞ்சி ஓடினாரோ, அதன் உடன்பிறந்த சொல்தான் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து இறங்கிய பிரான்சிஸ் சேவியரின் முதல் பெயர்.

அவருடைய இரண்டாம் பெயர் இன்னும் சுவையானது. சேவியர் என்பது ஊர்ப்பெயர். ஸ்பெயினின் நவார் பகுதியில் அவர் பிறந்த கோட்டைக்கு ஹாவியர் என்று பெயர். ஐரோப்பாவில் வேறெந்த மொழியோடும் உறவில்லாத பாஸ்க் மொழியில் எட்செபெர்ரி என்ற சொல்லின் திரிபு அது. பொருள், புது வீடு. தமிழில் அவர் சவேரியார். வீட்டில், வயலில், படகில் சவரி, சவரிமுத்து, சவரியம்மாள். பாஸ்க் மொழியின் புது வீடும் தமிழின் முத்தும் ஒரே பெயரில் குடித்தனம் நடத்துகின்றன. பொருள் தெரிந்து யாரும் சேர்க்கவில்லை, ஓசை ஒத்துக்கொண்டது, அவ்வளவுதான். புலவர்கள் கட்டிய வளனைவிட, யாரும் திட்டமிடாமல் விளைந்த சவரிமுத்துவில் உயிர் அதிகம் என்று தோன்றுகிறது. கீழக்கரையின் செய்கு அப்துல் காதிரை சீதக்காதி ஆக்கியதும் இதே வாய்தான். அரபியில் வல்லமையுள்ளவனின் அடியான் என்று பொருள்பட்ட பெயர், செத்தும் கொடுத்த வள்ளலின் பெயராகவே தமிழில் பொருள்படுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் சிரியக் கிறிஸ்தவர்கள் ஓசை வழியையே பிடித்தார்கள். அவர்களுக்கு வேதம் வந்தது சிரியாக் மொழியில் என்பதால் பெயர்களும் அந்தச் சாயலில் இருக்கின்றன. யாக்கோபு அங்கே சாக்கோ, மத்தேயு மத்தாயி, யோசேப் ஔசேப்பு. ஜார்ஜ் என்ற கிரேக்கப் பெயர் சிரியாக்கில் கீவர்கீஸ் ஆகி, மலையாளத்தில் வர்கீஸ் ஆனது. ஜார்ஜின் கிரேக்க வேரில் நிலம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, மொத்தத்தில் உழவன். குரியன் என்பது குரியாகோஸின் சுருக்கம், ஆண்டவருக்கு உரியவன். கோழிக்கோட்டில் 1921இல் பிறந்து, சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்து, 1949இல் குஜராத்தின் ஆனந்துக்குப் போய்ச் சேர்ந்த இயந்திரப் பொறியாளர் வர்கீஸ் குரியன், வாழ்நாள் முழுக்கத் தன்னை விவசாயிகளின் வேலையாள் என்றே சொல்லிக்கொண்டார். பெயரில் உழவன் இருப்பது தற்செயல். ஜோதிடர்கள் இதைப் படித்தால் விடமாட்டார்கள்.

ஜோதிடரை விட்டால் அடுத்தது, குழந்தைப் பெயர்ப் புத்தகங்கள். ரயில் நிலையக் கடைகளில் தொங்கும் இந்தப் புத்தகங்கள் எல்லாப் பெயருக்கும் எதிரே ஒரு பொருளை எழுதிவிடுகின்றன. பெயர் வைத்தவர்கள் அந்தப் பொருளை நினைத்துத்தான் வைத்தார்கள் என்று நம்பவும் வைக்கின்றன. பழைய ஜெர்மானியர்கள் அப்படி வைக்கவில்லை. அவர்களிடம் பெயர்த் துண்டுகளின் கையிருப்பு ஒன்று இருந்தது: புகழ், போர், அமைதி, ஓநாய், ஈட்டி, ஆட்சி. தகப்பன் பெயரிலிருந்து ஒரு துண்டு, தாய்வழியிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டினால் பிள்ளைக்குப் பெயர் தயார். 6ஆம் நூற்றாண்டில் பிராங்க் நாட்டு அரசியாக இருந்த ஃபிரெடெகுண்ட் பெயரில் முன்பாதி அமைதி, பின்பாதி போர். அந்த அம்மையார் செய்த கொலைகளைப் பார்த்தால் பின்பாதி மட்டுமே பொருந்தும். பெயர்ப் புத்தகமோ அமைதியான வீராங்கனை என்று எழுதக் கூசாது.

வனெஸ்ஸா கதை இன்னும் மோசம். அந்தப் பெயரைக் கட்டியவர் கலிவரின் பயணங்களை எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட். எஸ்தர் வனொம்ரி என்ற தன் தோழியின் குடும்பப் பெயரில் முதல் அசையையும், எஸ்தரில் முதல் அசையையும் சேர்த்து ஒரு கவிதைக்காகச் செய்தார். கவிதை அச்சில் வந்தது 1726இல். இங்கே யோசேப் வளன் ஆன அதே ஆண்டில், எந்த மொழியிலும் எந்தப் பொருளும் இல்லாத ஒரு பெண்பெயர் அங்கே பிறந்தது. ஃபாப்ரீசியஸ் என்ற பூச்சியியல் அறிஞர் 1807இல் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பேரினத்துக்கு வனெஸ்ஸா என்று பெயர் வைத்தார். இன்று பெயர்ப் புத்தகத்தைத் திறந்தால், வனெஸ்ஸா என்றால் வண்ணத்துப்பூச்சி என்று இருக்கும்.

பொருள் மறைந்த பெயர்கள் இப்படி இருக்க, பொருள் பட்டப்பகலில் தெரியும் பெயர்களும் உண்டு. கானா நாட்டு அக்கான் மக்களிடம் பிறந்த கிழமையே பெயர். திங்களில் பிறந்த ஆண் குவாட்வோ அல்லது கோஜோ. புதனில் குவாகு, வெள்ளியில் கோஃபி, சனியில் குவாமே. பெண்ணுக்கு சனியில் அமா, வெள்ளியில் எஃபுவா. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அட்டா அன்னானின் பெயரை எடுத்துக்கொள்வோம். கோஃபி, வெள்ளிக்கிழமை, அவர் பிறந்த 1938 ஏப்ரல் 8 வெள்ளிதான். அட்டா, இரட்டையர். கூடப் பிறந்த சகோதரி எஃபுவா அட்டா. குடும்பப் பெயரான அன்னான், நான்காம் பிள்ளையைக் குறிக்கும் சொல். உலகம் மரியாதையோடு உச்சரித்த அந்தப் பெயர் முழுக்க முழுக்க ஒரு பிறப்புக் குறிப்பு.

சில சமயம் அந்தக் குறிப்பு அரசுப் பதிவை மிஞ்சிவிடும். கானாவின் முதல் தலைவர் நுக்ருமாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கத்தோலிக்கப் பாதிரியார் ஏட்டில் எழுதிய பிறந்த நாள் 1909 செப்டம்பர் 21. ஞானஸ்நானப் பெயர் பிரான்சிஸ். பரங்கி இங்கேயும் வந்துவிட்டது. ஆனால் அன்று செவ்வாய்க்கிழமை. பிறந்தது செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை என்பதில் தாய்க்கு ஐயமில்லை. பாதிரியாரின் தேதி குத்துமதிப்பு என்று நுக்ருமாவே தன் வரலாற்றில் சொல்லி, ஆண்டு சரியென்றால் நாள் 18ஆக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அரசுத் தாள்களில் 21 நின்றது. பெயரில் குவாமே நின்றது, பிரான்சிஸ் உதிர்ந்தது. இந்தக் கிழமைப் பெயர்கள் அடிமைக் கப்பல்களிலும் போயின. ஜமைக்காவில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, 1739இல் அவர்களையே உடன்படிக்கைக்கு வரவைத்த மரூன்கள் என்ற, தப்பியோடிய அடிமைகளின் தலைவன் பெயர் கட்ஜோ. திங்கட்கிழமைதான்.

நமக்குக் கிழமையைவிட நட்சத்திரம் முக்கியம். ரோகிணி, ரேவதி, சித்ரா, ஆதிரை என்று வீட்டுக்கு வீடு வானம் இருந்தது. பாலித்தீவில் இரண்டையும் விட்டுவிட்டு வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் பிள்ளை வயான், இரண்டாவது மாதே, மூன்றாவது ஞோமான், நான்காவது கெதுத். ஐந்தாவது பிறந்தால் மறுபடியும் வயான். மாதேயில் இருப்பது நம்முடைய மத்தியம்தான், வடமொழிச் சொல், நடுப்பிள்ளை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே பெயர்கள். இந்தோனேசிய அரசு இரண்டு பிள்ளை போதும் என்று பிரசாரம் செய்து அது பலித்ததில், கெதுத் அருகிவிட்டது. 2019இல் பாலி ஆளுநர் நான்கு பிள்ளை பெறுவதை ஊக்குவித்து ஓர் அறிவுறுத்தலே வெளியிட்டார். அவர் பெயர் வயான் கோஸ்தர். தலைப்பிள்ளைகளுக்கு இனி ஆபத்தில்லை. கவலை கடைக்குட்டிகளைப் பற்றி.

பொருள் தெரிந்தே அசிங்கமான பெயரை வைப்பதும் உலகம் முழுக்க இருந்தது. பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போகும் வீட்டில், அடுத்து பிறந்ததை எமன் கண்ணில் படாமல் மறைக்க வேண்டும். மங்கோலியர்கள் நெர்குய், பெயரே இல்லை, என்று வைத்தார்கள். எனெபிஷ், இது அல்ல. ஹுன்பிஷ், இது மனுசன் இல்லை. நைஜீரியாவின் யொருபா மக்கள் பிள்ளையிடமே கெஞ்சினார்கள். மலோமோ என்றால் இனிப் போகாதே. துரோஜாயே என்றால் இருந்து வாழ்ந்து பார். கொசோகோ என்று ஒரு பெயர் உண்டு. மண்வெட்டி இல்லை என்று பொருள். குழி தோண்ட வழியில்லை, அதனால் நீ சாக முடியாது என்பது தாயின் தர்க்கம். 1845 முதல் 1851 வரை லாகோசை ஆண்ட மன்னரின் பெயர் கொசோகோ. மண்வெட்டி இல்லாதவர் சிம்மாசனத்தில் இருந்தார், பிரிட்டிஷ் பீரங்கிகள் வந்து இறக்கும்வரை.

தமிழ்த் தாய்மார்களும் இதே தந்திரத்தைத் தங்கள் கையிலிருந்த பொருள்களை வைத்துச் செய்தார்கள். பிறந்த பிள்ளையைக் குப்பை மேட்டில் போட்டு எடுத்தால் குப்பன், குப்பம்மாள். மூக்குக் குத்தி விட்டால் மூக்கன், மூக்கம்மாள், மூக்கையா. பக்கத்து வீட்டுக்காரியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவதும் உண்டு. அழுது அடம்பிடிக்கும் பிள்ளையிடம் உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்று பாட்டிகள் இன்றும் சீண்டுவது அந்த வழக்கத்தின் மிச்சம். கடவுளிடம் மடியேந்தி வாங்கிய பிள்ளை பிச்சை, பிச்சைமுத்து, பிச்சையம்மாள். மதம் பார்க்காத பெயர் இது. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் பொது. கடவுள் கொடுத்தது என்ற இதே எண்ணம் எபிரேயத்தில் நத்தனியேல், கிரேக்கத்தில் தியோடர், அரபியில் அதாவுல்லா, ரஷ்ய நாட்டுப் பக்கம் போக்டான். கொடுத்தவனைச் சொல்கின்றன அவை எல்லாம். ஏந்தியவளின் மடியைச் சொல்வது தமிழ்ப் பெயர். கூகுளின் தலைவர் பெயரை உலகம் தினமும் சொல்கிறது. அது என்ன சொல் என்று கலிபோர்னியாவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த வரிசையில் சேர்க்கக் கூடாத பெயர்களும் இருக்கின்றன. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் போதும்பொண்ணு. அதற்கு மேலும் பிறந்தால் வேண்டாம். குப்பனில் பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற பதைப்பு இருக்கிறது. வேண்டாமில் அது இல்லை. அடுத்தது ஆணாக இருக்கட்டும் என்ற வேண்டுதல், இப்போது பிறந்தவளின் தலையில் எழுதப்படுகிறது. பள்ளி வருகைப் பதிவேட்டில் தினமும் காலையில் அவளே அதற்கு உள்ளேன் ஐயா சொல்ல வேண்டும். மராட்டியத்தில் இதற்கு நகுசா என்று பெயர், வேண்டாதவள். 2011 அக்டோபரில் சாத்தாரா மாவட்ட நிர்வாகம் அந்தப் பெயருள்ள 285 சிறுமிகளை ஒன்றுகூட்டி, அவரவர் விரும்பிய புதுப் பெயரைச் சான்றிதழில் எழுதிக் கொடுத்தது. சிலர் சாவித்திரி போன்ற புராணப் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். சிலர் ஐஸ்வர்யா.

பெயர் மாற்றம் ஓர் இயக்கமாகவே நடந்த ஊர் தமிழ்நாடு. சூரியநாராயண சாஸ்திரி தன் பெயரைத் துண்டு துண்டாக எடுத்து, சூரியனைப் பரிதியாகவும் நாராயணனை மாலாகவும் சாஸ்திரியைக் கலைஞராகவும் பெயர்த்து, பரிதிமாற் கலைஞர் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய 1916ஐ ஒட்டி சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். வேதம் மறை, அசலம் மலை. அவருடைய ஞானசாகரம் இதழும் அறிவுக்கடல் ஆயிற்று. சைவ அடிகளாரும் இத்தாலியப் பாதிரியாரும் கையாண்டது ஒரே உத்தி என்பதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம். பெஸ்கி வெளியிலிருந்து வந்த பெயரைத் தமிழுக்குள் கொண்டுவரப் பொருளைப் பெயர்த்தார். வேதாசலம் உள்ளே இருந்த பெயரை வெளியாள் என்று கண்டு பெயர்த்தார்.

அடுத்த தலைமுறைத் திராவிட இயக்க வீடுகளில் வடமொழிக்குத்தான் கதவு சாத்தியிருந்தது, ரஷ்ய மொழிக்கு இல்லை. 1953 மார்ச் 1இல் பிறந்த பிள்ளைக்கு, நான்கு நாளில் மாஸ்கோவில் இறந்த தலைவரின் பெயரை மு. கருணாநிதி வைத்தார். ஸ்டாலின் என்பது புரட்சிக்காலப் புனைபெயர். ரஷ்ய மொழியில் ஸ்தால் என்றால் எஃகு. ஜார்ஜியாவில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் யோசெப். வீரமாமுனிவர் கணக்கில் எழுதினால் வளன்.

தமிழரின் பெயர் வெளிநாட்டு விண்ணப்பப் படிவத்தில் படும் பாடு ஊருக்கே தெரிந்தது. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் தகப்பனாரின் முதலெழுத்தும். குடும்பப் பெயர்க் கட்டத்தில் தகப்பன் பெயர் போய் உட்கார, டொரான்டோ மருத்துவமனையில் நர்ஸ் மகனைத் தகப்பன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இந்தச் சங்கடத்தை முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஐரோப்பியர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். அங்கேயும் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரோடு மகன் என்றோ மகள் என்றோ சேர்த்தால் தீர்ந்தது. 1980இல் தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரான விக்டிஸ் ஃபின்பொகாடோட்டிர், ஃபின்பொகியின் மகள் விக்டிஸ். தொலைபேசிப் புத்தகத்தில் அவரை வி எழுத்தில்தான் தேட வேண்டியிருந்தது. தலைவரானாலும் கூப்பிடுவது விக்டிஸ் என்றுதான்.

ஆனால் ஐஸ்லாந்தில் பெயர் இலக்கணத்துக்குக் கட்டுப்பட வேண்டும். பெயர்கள் வேற்றுமை உருபு ஏற்று மாறுவதால், மொழிக்குள் அடங்காத பெயரை மறுக்க 1991 முதல் ஒரு குழுவே இருக்கிறது. இளங்காற்று என்று பொருள்படும் ஒரு சொல்லை மகளுக்கு வைத்தார் ஒரு தாய். அது இலக்கணப்படி ஆண்பால் சொல் என்று குழு தள்ளிவிட்டது. நோபல் பரிசு பெற்ற லக்ஸ்னஸ் தன் நாவலில் ஒரு பெண்ணுக்கு அதே பெயரை வைத்திருப்பதைத் தாய் எடுத்துக் காட்டியும் பயனில்லை. அரசுத் தாள்களில் அந்தப் பிள்ளையின் பெயர் ஸ்டூல்கா, அதாவது சிறுமி, என்றே 15 வயதுவரை இருந்தது. 2013இல் நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. 2019இல் வந்த சட்டம் பெயர்களில் ஆண்பால், பெண்பால் வேலியையே எடுத்துவிட்டது.

ஜப்பானில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே ஓசையும் பொருளும் எல்லையைக் கடக்காமலே, உள்ளூரிலேயே பிரிந்து கிடக்கின்றன. பெயரைக் காஞ்சி எழுத்தில் எழுதுகிறார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உண்டு, ஆனால் வாசிப்பு பலவிதம். எந்த எழுத்துகளைப் பெயருக்குப் பயன்படுத்தலாம் என்று அரசுப் பட்டியல் இருக்கிறது. அதை எப்படி வாசிப்பது என்பது 2025 வரை பெற்றோர் இஷ்டமாக இருந்தது. 1993இல் தோக்கியோ அருகே அகிஷிமா நகரில் ஒரு தகப்பன், மகனுக்கு அகுமா, அதாவது பிசாசு, என்று பெயர் எழுதிக் கொடுத்தார். இரண்டு எழுத்தும் பட்டியலில் உள்ளவைதான். நகராட்சி மறுத்தது, வழக்கு குடும்ப நீதிமன்றம் வரை போனது, கடைசியில் வேறு பெயர் வைத்தார்கள். குப்பனைப் பெற்றவளிடம் கேட்டிருந்தால், பிசாசு என்ற பெயரில் பாதுகாப்புதானே இருக்கிறது என்று சொல்லியிருப்பாள்.

அதன்பின் வந்த தலைமுறையில் பெற்றோர்கள் எழுத்து ஒன்று, வாசிப்பு வேறொன்று என்று வைக்கத் தொடங்கினார்கள். ஆசிரியர்களால் வருகைப் பதிவு வாசிக்க முடியவில்லை. இன்னொரு வேடிக்கை, குடும்பப் பதிவேட்டில் எழுத்து மட்டுமே இருந்தது. வாசிப்பைப் பதிய இடமே இல்லை. 2025 மே 26 முதல் அதைத் திருத்தும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகள் குடிமக்களுக்கு, உங்கள் பெயரை நாங்கள் இப்படி வாசிக்கிறோம், தவறென்றால் ஓராண்டுக்குள் தெரிவியுங்கள் என்று கடிதம் அனுப்பத் தொடங்கின. புதிய பிள்ளைகளுக்கு எது செல்லாது என்பதற்கு நீதித்துறை அமைச்சகம் எடுத்துக்காட்டுகளும் தந்தது. உயரம் என்ற எழுத்தை எழுதிவிட்டுக் குட்டை என்று வாசிக்க முடியாது. தாரோ என்று எழுதிவிட்டு ஜிரோ என்று வாசிக்க முடியாது. முன்னது தலைமகன் பெயர், பின்னது இரண்டாமவன் பெயர். தாரோ என்று எழுதிவிட்டு மைக்கேல் என்றோ ஜார்ஜ் என்றோ வாசிப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.